கீழ்வரிசைப் பல்லும் சந்தன நிற நூலும்

சின்ன காஞ்சிபுரம்,
ஜூலை 9, புதன் இரவு.

அன்பு மகள் சிம்ரனுக்கு அம்மா எழுதுவது,

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள் பாப்பா, மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள், பகலில் உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் ஓடமாட்டேன் என்கிறது, யாராவது வந்துவிடுகிறார்கள், யாரும் வராவிட்டால் எனக்கே தைரியம் போய்விடுகிறது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உயிரோடு என்பது சரி, சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே அசாமில் மழை விடாமல் பெய்கிறது, துணி காயமாட்டேன் என்கிறது என்றாயே, ஈர யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போகாதே, இரண்டாவது செட்டை எப்போதும் ஃபேனுக்குக் கீழே போட்டு வை. அப்பாவுக்கு இப்போது கம்பெனி பஸ்ஸில் ரூட்டை மாற்றிவிட்டார்கள், தென்னேரி, வாலாஜாபாத் சுற்றி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் போகிறார், காலை நாலரைக்கே கிளம்ப வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு சங்கீதாவின் குழந்தை தவழ்கிறது, கீழே அரிசி மாதிரி இரண்டு பல் முளைத்திருக்கிறது, தூக்கிக்கொண்டு வந்து ஆன்ட்டி பாருங்க பாருங்க என்று வாயைத் திறந்து காட்டினாள், எனக்கு என்னமோ பார்க்கவே முடியவில்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். ஆறு வாரமாக, ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் போன் கொடுக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் நீ வீடியோ போடுகிறபோதெல்லாம், நெட் சரியில்லை பாப்பா, சும்மா பேசு என்றேனே, நெட் நன்றாகத்தான் இருந்தது. என் கீழ்வரிசை முன்பல் ஆறையும் சேர்த்து உள்பக்கமாக ஒரு கம்பி வைத்து ஒட்டியிருக்கிறார்கள். நாக்கு அதில் போய் இடித்துக்கொண்டே இருக்கிறது, உன் பெயரின் முதல் எழுத்தே எனக்குச் சரியாக வரவில்லை, போன மாதம் ஒருநாள் என்னம்மா சின்னக் குழந்தை மாதிரி பேசறே என்று நீ சிரித்தாய், நானும் சிரித்தேன், போனை வைத்துவிட்டுப் பாத்ரூமில் போய் நின்றேன். எனக்கு நாற்பது வயதுதான் ஆகிறது. உன்னோடு நடந்து போனால் அக்காவா என்று கேட்பார்களே, அதில் எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு கர்வம் என்று உனக்குத் தெரியாது.

எப்படி ஆரம்பித்தது என்று எழுதுகிறேன், நர்சிங் படிக்கிற பெண்ணிடம் மறைத்து என்ன பிரயோஜனம். எனக்குப் பல் தேய்த்தால் ரத்தம் வருவது உன்னை ஸ்கூலில் சேர்த்த காலத்திலிருந்தே உண்டு. வலி இல்லை, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் ஆயாவுக்கு, என் அம்மாவுக்கு, நாற்பது வயதில் ஒரு பல்கூடக் கிடையாது, துளசி பெரியம்மாவுக்கும் அப்படித்தான், நாற்பத்திரண்டில் செட்டு கட்டிக்கொண்டாள், எங்கள் வீட்டில் அதை ஒரு வியாதி என்றே யாரும் சொன்னதில்லை, நம்ம வூட்டுப் பொம்பளைங்களுக்குப் பல்லு நிக்காது, அது நம்ம ராசி என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பி.காம் படித்த நானும் அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். வைகாசி முகூர்த்தத்துக்கு முன்னால் கண்ணாயிரம் அண்ணன் கடையிலிருந்து ஒரே நேரத்தில் பதினோரு கல்யாணப் புடவை குஞ்சம் கட்டக் கொடுத்தனுப்பினார்கள். உனக்குத்தான் தெரியுமே, முந்தி நூலைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு, கடைசியில் நூலைப் பல்லில் கடித்து அறுப்பேன், கத்தரிக்கோல் எடுத்து வைத்து மறுபடி நூலைப் பிடிப்பதற்குள் இரண்டு குஞ்சம் முடிந்துவிடும். ஏழாவது புடவையில் அப்படிக் கடித்தபோது கீழ்ப்பல் ஒன்று, நடுவில் இடதுபக்கம், கதவு திறப்பது மாதிரி முன்னால் சாய்ந்தது. வலியே இல்லை. விரலால் தள்ளி நிமிர்த்தினேன், நாக்கு பட்டால் மறுபடி சாய்ந்தது. சோறு சாப்பிடும்போது விழுந்துவிடுமோ, வயிற்றுக்குள் போய்விடுமோ என்று அன்றைக்குக் கஞ்சிதான் குடித்தேன்.

அப்புறம் நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். கண்ணாடி முன்னால் நின்று, குஞ்சத்துக்கு வைத்திருந்த பட்டு நூலில் பல்லின் நிறத்துக்கு எது சேரும் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, சந்தன நிறத்தில் ஒரு நூலை எடுத்து இரண்டு புரியாக முறுக்கி, ஆடுகிற பல்லைப் பக்கத்தில் இருக்கிற பற்களோடு சேர்த்துப் பின்னிக் கட்டிவிட்டேன். குஞ்சத்துக்குப் போடுகிற அதே முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுமே, அதுதான். வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. அப்பாவுக்குக்கூடத் தெரியாது. பல் அசையாமல் நின்றது, எனக்கு ஒரே சந்தோஷம், மீதி நாலு புடவையையும் முடித்துக் கொடுத்தேன், பதினைந்து நாள் அந்த நூலோடேயே தின்றேன், தூங்கினேன், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். கருடசேவை அன்றைக்கு நம் தெருவெல்லாம் ஜனம், வண்டி எதுவும் போக முடியாது, அன்றைக்குப் பார்த்துத் தாடை வீங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் ஈறு சிவந்து உப்பியிருக்கிறது, என் நூலைக் காணவில்லை. பட்டு இல்லையா, எச்சிலில் வழுக்கி வழுக்கி ஈறுக்குள்ளேயே இறங்கிவிட்டிருக்கிறது. அப்பா என்னை வெளிப்பக்கத் தெரு வழியாக நடத்தியே கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் பெயர் சம்யுக்தா, முப்பது வயதுகூட இருக்காது, நம் ஊர்ப்பக்கத்து ஜெயின் வீட்டுப் பெண், என் வாயைத் திறந்து விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சின்னதாக ஒரு இடுக்கியை வைத்து ஒரு முனையை வெளியே எடுத்து, அக்கா, இது என்னாது, நூலா, யாருக்கா கட்டினது என்றாள். நான்தான் என்றேன். முடிச்சு சூப்பரா இருக்குதுக்கா, ஆனா இது புடவை இல்ல என்றாள். எனக்கு வெட்கத்தில் உயிர் போய்விட்டது, அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் அந்தப் பெண் கிண்டல் செய்யவில்லை பாப்பா. ஆடுற பல்லை ஆடாத பல்லோட சேத்துக் கட்டணும்னு நீங்க நெனச்சது சரிதான்க்கா, நானும் அதைத்தான் பண்ணப் போறேன், நீங்க அழுக்கு மேல கட்டிட்டீங்க, அதான் தப்பு என்றாள். எக்ஸ்ரே எடுத்துக் காட்டினாள். தென்னேரி ஏரிக்கரையில் மண் கரைந்து பனைமரத்து வேரெல்லாம் வெளியே தெரியுமே, நீ சின்ன வயதில் பயந்துபோய் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்பாயே, அந்த மாதிரி இருந்தது என் கீழ்த்தாடை. பல்லில் ஒரு சொத்தை இல்லை. பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிற எலும்புதான் பாதிக்கு மேல் போய்விட்டது. சுகர் டெஸ்ட் எடுத்தார்கள், சுகர் இல்லை.

வீக்கம் வடிய மாத்திரை கொடுத்து, பிறகு மூன்று தடவை வரச்சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்குள் வரைக்கும் சுத்தம் செய்தாள். அதற்குப் பிறகுதான் கட்டு. எலும்பு முறிந்தால் பட்டை வைத்துக் கட்டுகிற மாதிரி இதற்கும் ஸ்ப்ளிண்ட் என்றுதான் பெயராம், உனக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் கோரைப்பல் உறுதியாக இருக்கிறது, அந்த இரண்டையும் தூணாக வைத்து நடுவில் ஆடுகிற நாலையும் அணைத்துக் கட்டுவது. முறுக்கின மெல்லிய கம்பி, தலைமுடி இரண்டு மூன்று சேர்ந்த கனம், பல்லின் உள்பக்கம் வளைத்து வைத்து, பசை மாதிரி ஒன்றைப் பூசி, நீல வெளிச்சம் காட்டினால் கல்லாக இறுகிவிடுகிறது. பூசுவதற்கு முன்னால் பல் நிறத்தில் வரிசையாகக் கோர்த்த அட்டை ஒன்றை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்து எது சேரும் என்று பார்த்தாள், நான் நூலை வைத்துப் பார்த்த மாதிரியே இருந்தது, அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே சிரிப்பது.

கட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். அந்தப் பெண் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள், இது பல்லை நிறுத்தி வைக்குமே தவிர நோயை நிறுத்தாது, போன எலும்பு அப்படியே திரும்பி வராது, நான் தினமும் கம்பிக்குக் கீழே சுத்தம் செய்தால் எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம் நிற்கும், அந்த இடதுபக்கப் பல்லுக்கு மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது. ஒரு வருடமா, ஐந்து வருடமா என்று கேட்டேன், சொல்லத் தெரியலக்கா என்றாள். எனக்குப் பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷை எறும்புக்குச் செய்த மாதிரி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், ராத்திரி அதைப் பல் இடுக்கில் ஒவ்வொன்றாக விட வேண்டும், உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, அப்பாதான் போன் டார்ச்சை அடித்துக்கொண்டு நிற்கிறார். முதல் நாள், ஒரு பல்லுக்கு இவ்ளோ அழுகையா என்று கேட்ட மனிதர், இப்போது நான் கூப்பிடாமலேயே டார்ச்சோடு வந்துவிடுகிறார். ஒருநாள், பஸ்ஸுல நட்டு லூசானா டைட் வெச்சிடலாம், இதுல எங்கன்னு புடிக்கிறது சுகா என்றார். துளசி பெரியம்மா முசரவாக்கத்திலிருந்து வந்து பார்த்தாள், கிளீன் பண்ணதாலதான் பல்லு ஆடுது, அந்தப் பொண்ணு ஏமாத்திட்டா என்று ஆரம்பித்தாள், சுத்தம் செய்வதற்கு முன்னாலேயே ஆடியது என்றால் காதில் வாங்கவில்லை. எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டு என்ன மாதிரி செட்டு வெச்சிக்கோ, நான் பல்லைக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டு நிம்மதியா தூங்கறேன், நீ இருக்கிற பல்லைப் புடிச்சிக்கினு தூங்காம கெடக்கிற என்று சொல்லிவிட்டு, எப்போதும் போல வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். செட்டு வைத்துப் பத்து வருடம் ஆகியும் அந்தக் கை இறங்கவில்லை பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டுப் போட்ட பன்னிரண்டாம் நாள் நான் அதை உடைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்வேனா, ஒரு புடவைதான், அவசரம் என்று கொண்டுவந்தார்கள், டியூஷன் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொண்டே கட்டினேன், டிக் என்று சத்தம் கேட்ட பிறகுதான் நூல் என் பல்லுக்கு இடையில் இருப்பதே தெரிந்தது. பதினெட்டு வருடப் பழக்கம், பல் என்னைக் கேட்டுக்கொண்டா கடிக்கிறது. மறுபடி போய் அந்தப் பெண் முன்னால் குற்றவாளி மாதிரி உட்கார்ந்தேன், திட்டாமல் ஒட்டிக் கொடுத்தாள். இப்போது ஒரு சின்னக் கத்தரிக்கோலைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறேன், ஐ.டி. கார்டு மாட்டியிருக்கிறாயா என்று அப்பா கேட்கிறார்.

இதையெல்லாம் எழுதியது என் பல்லுக்காக இல்லை கண்ணு. உடைந்ததை ஒட்டி முடித்துக் கையுறையைக் கழற்றும்போது அந்தப் பெண் கேட்டாள், அக்கா, உங்க அம்மாவுக்கும் அக்காவுக்கும் இப்படித்தானா, உங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்களா என்று. ஆமாம், அது எங்கள் ராசி, எனக்கு ஒரே பெண், இருபது வயது, அசாமில் படிக்கிறாள் என்றேன். அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டே, இது ராசி இல்லக்கா, நோயி, சில குடும்பத்துல சின்ன வயசுலயே ஆரம்பிச்சிடும், வலிக்காது, அதான் யாருக்கும் தெரியறதில்ல, அந்தப் பொண்ணை ஒடனே காட்டுங்க, இந்த வயசுல புடிச்சா கம்பி வரைக்கும் வராது என்றாள். கிறிஸ்மஸுக்கு நீ வந்திருந்தபோது வாஷ்பேசினில் நுரை ரோஸ் நிறமாக இருந்ததே, நினைவிருக்கிறதா. அம்மா, கீழ ரத்தம் வருது என்று நீதான் கூப்பிட்டுக் காட்டினாய். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. சூடு பாப்பா, ரத்தம் வர்ற எடத்துல பிரஷ் வெக்காதே, வெரலால பல்பொடி போட்டுத் தடவி வுட்டுடு, ஆறிடும் என்றேன். நான் பத்து வருடமாகச் செய்துகொண்டிருந்ததையே உனக்கும் சொல்லிக் கொடுத்தேன். நீ நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்வாய். இதை டாக்டரிடம் சொன்னேன். அதற்கு அவள், ரத்தம் வர்ற எடத்துலதான்க்கா அழுக்கு இருக்குது, அங்கதான் மெதுவா தேய்க்கணும், நீங்க அத வுட்டுட்டு மத்த எடமெல்லாம் தேச்சிருக்கீங்க என்றாள். எனக்கு என் பல் போனாலும் போகட்டும் என்று ஆகிவிட்டது. ஆறு மாதமாக என் பிள்ளை என் பேச்சைக் கேட்டு அந்த இடத்தைத் தொடாமல் இருக்கிறாளே, இரண்டாயிரம் மைல் தூரத்தில் இருக்கிறாளே, நான் எப்படி அந்த வாயைத் திறந்து பார்ப்பேன் என்று ரோட்டிலேயே நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை சுற்றிவளைத்துக் கேட்டேன், பல்லெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று. அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா என்று உடனே சொன்னாய். கேட்டு முடிப்பதற்குள் சொன்னாய். போன வாரம் விளக்கேற்றும் விழா போட்டோ அனுப்பினாயே, வெள்ளை யூனிஃபார்மில் எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள், நீ மட்டும் ஒரு கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வாயை மூடியிருக்கிறாய். அப்பா, வெட்கம் பார் என் பொண்ணுக்கு என்று அதை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு அது துளசி பெரியம்மாவின் கை மாதிரி இருக்கிறது. இந்த ஆறு வாரமாக என் கையும் அங்கேதான் இருக்கிறது. ஒருவேளை கூச்சம்தானோ, சிரிப்பு வரும்போது தற்செயலாக எடுத்ததோ, போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், புள்ளி புள்ளியாகப் போய்விடுகிறது, ஒன்றும் தெரியவில்லை.

அதனால் அம்மா சொல்வதைக் கேள், முன்னால் சொன்னதை மற. பிரஷ்ஷை மெத்தென்று இருக்கிறதாக வாங்கி, ரத்தம் வந்தாலும் பயப்படாமல் அந்த இடத்தில் மெதுவாகத் தேய். உங்கள் ஆஸ்பத்திரியிலேயே வியாழக்கிழமை பல் டாக்டர் வருகிறார் என்று சேர்ந்த புதிதில் சொன்னாயே, இந்தக் கடிதம் வந்த அடுத்த வியாழக்கிழமையே போ, என் அம்மாவுக்கு, பெரியம்மாவுக்கு, ஆயாவுக்கு எல்லாருக்கும் இப்படி என்று வெட்கப்படாமல் சொல், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் எடுத்துக்கொள். வார்டன் சிஸ்டரிடம் லீவு கேட்கப் பயமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே காட்டு, யாரையாவது படித்துச் சொல்லச் சொல். ஒருவேளை உனக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், அப்படி இருந்தால் பைத்தியக்கார அம்மா என்று சிரி, வாயைத் திறந்து சிரி, நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். இருக்கிறது என்றால் மறைக்காதே, என்னைத் திட்டு, எனக்கு அதுகூடப் பரவாயில்லை. நான் வந்து உன் பக்கத்தில் உட்காரலாம் என்றால் ரயிலே மூன்று நாள், டியூஷன் பிள்ளைகள், அப்பாவின் நாலரை மணி பஸ், எதையும் விட்டு வர வழி தெரியவில்லை, வந்தாலும் நான் என்ன செய்துவிடப் போகிறேன், எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் முடிச்சுப் போடுவதுதான்.

அப்பா தூங்கிக்கொண்டிருக்கிறார், அவர் சார்பில் ஒரு முத்தம். நீ நிற்கிற வார்டிலும் நடக்கிற வழியிலும் ஆண்டவர் உன்னோடு இருக்கட்டும், உன் கை தொடுகிற நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும், என் பிள்ளைக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும். நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானும் வீடியோ போடுகிறேன், என் கம்பியை நீயும் பார். ஆனால் உன் பல்லைப் பற்றிப் போனில் சொல்லாதே பாப்பா, மற்றப் பெண்கள் சுற்றி நிற்பார்கள், நீ ஒன்றும் இல்லம்மா என்று சொல்லிவிடுவாய், காகிதத்தில் பொய் எழுத உனக்கு வராது. கடிதத்தைப் படித்து முடித்ததும் கண்ணாடி முன்னால் போய் நின்று, கீழ்வரிசை நடுப்பல்லை நாக்கால் இல்லை, விரலால், மெதுவாக முன்னும் பின்னும் தள்ளிப் பார். ஆடுகிறதா, ஆடவில்லையா. பெரிய கடிதமெல்லாம் வேண்டாம், அந்த ஒரு வார்த்தை போதும், சீக்கிரம் எழுதிப் போடு.

உன் அம்மா,
சுகாசினி கிறிஸ்டோபர்